பறியின் கண் பெரிது

ஒடுகத்தூர் பக்கத்து வரத்துக் கால்வாய்களில் மழைக்கு மீன் பிடிக்க இறங்கும் தம்பிகளுக்கு,

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஜவ்வாது மலைப் பக்கம் மட்டும் இன்னும் கறுத்துக் கிடந்தது. உத்திர காவிரியில் செந்தண்ணீர் வந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். குடையை ஊன்றிக்கொண்டு கால்வாய்க் குழாய்ப் பாலம் வரைக்கும் வந்தேன். நீங்கள் ஆறு பேர் இருந்தீர்கள். ஒருவர் முதுகில் பள்ளிக்கூடப் பை. அதற்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும். கையில் இரண்டு மூங்கில் கழி, ஒன்றின் முனையில் கம்பி வளையம். கழி இரண்டையும் தண்ணீரில் வைத்ததும் கெண்டைகள் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. பாலத்துக்குக் கீழே இன்னொரு தம்பி கொசுவலையைக் குறுக்கே கட்டி உட்கார்ந்திருந்தார். முதல் கழிக்குத் தப்பியது எதுவும் அந்த வலைக்குத் தப்பவில்லை.

"இன்னா பெரிப்பா, கொழம்புக்கு வோணுமா?" என்று கேட்டு ஒரு கவர் நிறையக் கொடுத்தீர்கள். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டீர்கள். இந்த மடலில் உங்களைக் கடிந்துகொள்ளும் இடங்கள் வரும். அங்கெல்லாம், அந்த மீனை வாங்கித் தின்றவன்தான் எழுதுகிறான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வீட்டில் என் மனைவி அதைத் துணி துவைக்கும் கல்லில் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொன்றாக வயிற்றைக் கீறும்போது பேச்சை நிறுத்திவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தனையும் சினை. மஞ்சளாக, கேழ்வரகைவிடச் சின்னதாக, வயிறு பிதுங்கும்படி முட்டை. இன்னொன்றும் காட்டினாள். இரண்டு மூன்று பெரிய மீன்களின் நடுமுள்ளை ஒட்டிக் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது, ஒன்றில் முள்ளே முறிந்திருந்தது. கரண்ட் பாயும்போது மீனின் சதை மொத்தமும் ஒரே இழுப்பாக இழுக்கும். அந்த இழுப்பில் அதன் முதுகெலும்பை அதன் சதையே ஒடித்துவிடும். கழியிலிருந்து தப்பித்துப் போனதாக நீங்கள் நினைத்த மீன்களிலும் சில அப்படித்தான் போயிருக்கும். "புள்ளத்தாச்சிய அடிச்ச மாரி கீது" என்றாள் அவள். குழம்பு வைத்தாள், மாங்காய் போட்டு. சாப்பிட்டோம்.

புதுத்தண்ணீர் வந்தால் மீன் ஏறும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஏன் ஏறுகிறது என்று கேட்டால் "தண்ணி வாசனைக்கு" என்போம். உண்மையில் அது பிள்ளை பெறப் போகிறது. ஏரி என்பது கெண்டைக்கு வீடு. ஆனால் அங்கே முட்டையையும் குஞ்சையும் தின்ன ஆயிரம் வாய் காத்திருக்கும். கால்வாய் ஓரத்துப் புல்லும், தண்ணீர் ஏறிய வயலும், வரப்போரப் பள்ளமும் புதிதாக நனைந்த இடங்கள். அங்கே தின்பவர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள், குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர்த் தீனியோ பெருகிக் கிடக்கும். அதனால்தான் கெண்டை ஓட்டத்தை எதிர்த்து முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த தண்ணீரில் ஏறிப் போய்ப் புல்லில் முட்டையை ஒட்டுகிறது. ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். இரண்டு வாரத்தில் குஞ்சு தானே நீந்தி, வடிகிற தண்ணீரோடு ஏரிக்கு இறங்கும். நீங்கள் அன்றைக்குக் குழாய்ப் பாலத்தில் நின்றது அந்தப் பயணத்தின் ஏறுவழியில். ஏரியின் அடுத்த வருஷத்துக் கெண்டை மொத்தமும் அந்த ஒரு குழாய்க்குள் நுழைந்துதான் போயாக வேண்டும்.

இந்த இடத்தில், "அந்தக் காலத்தில் நாங்கள் ஏறுமீனைத் தொட மாட்டோம், சாமி மாதிரி கும்பிடுவோம்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். தொட்டோம். என் அப்பா ஏறுமீன் காலத்துக்காகவே ஆனி மாதத்தில் பறியைப் பரணிலிருந்து இறக்கிச் செப்பனிடுவார். மூங்கிலைச் சீவி, விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டிய நீளக் கூடு அது. வாய் அகலம், உள்ளே போகப் போகக் கூராகும் தப்பைகள். மீன் உள்ளே போகலாம், திரும்பும்போது தப்பை நுனி குத்தும். கால்வாயை மண்ணும் தழையும் போட்டு இரண்டு பக்கமும் ஒடுக்கி, நடுவில் பறியை அமிழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். விடியற்காலையில் லாந்தரோடு போய்த் தூக்கினால் சளசளவென்று சத்தம் கேட்கும். இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. கெண்டை, குரவை, ஆரால், ஒன்றிரண்டு விரால். கெளுத்தி கிடந்தால் அப்பா என்னைக் கை விட விடமாட்டார், முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். வயல்மேட்டில் கூறு போட்டு, கால்வாய் யார் நிலத்து ஓரமாகப் போகிறதோ அவர்களுக்கு ஒரு கூறு கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவோம்.

வெயில் காலத்தில் வேறு வேலை. ஆற்று மடுவில் தண்ணீர் சுருங்கியதும் மண்ணணை போட்டு, தகரத் தட்டால் இறைத்து, சேற்றில் கை விட்டுத் துழாவுவோம். விராலும் தேளியும் காற்றை மேலே வந்து குடிக்கும் ஜாதி என்பதால் சேற்றிலும் உயிரோடு இருக்கும். மலையோரத்தில் மருக்காரைக் காயை இடித்து மடுவில் கலக்கும் பழக்கமும் உண்டு. மீன் மயங்கி மிதக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை, இருந்தது என்று சொல்கிறேன்.

ஆக, எங்களுக்கு மனசு பெரிசாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. பறியின் கண் பெரிசாக இருந்தது, அவ்வளவுதான். விரல் அகலத்தைவிடச் சின்ன மீன் எல்லாம் அதன் வழியே போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் தூங்கினோம். தண்ணீர் வேகமாக வந்தால் பறியே புரண்டு போகும், அன்றைக்கு மீனுக்கு விடுதலை. ஒரு கால்வாயில் பறி இருந்தால் பக்கத்து ஓடையில் இருக்காது. எங்கள் கருவியில் இருந்த ஓட்டைதான் மீனைக் காப்பாற்றியது. உங்கள் கருவியில் ஓட்டை இல்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறதே தவிர, உங்கள் குணத்தில் இல்லை.

பழைய காலமும் பொற்காலம் இல்லை என்பதற்கு வெள்ளைக்காரன் ஒருவன் எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. ஃபிரான்சிஸ் டே என்று பெயர், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றி இன்றைக்கும் புரட்டப்படும் பெரிய நூலை எழுதியவர். 1873-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பாசனக் கால்வாயிலும் வயலிலும் பறி வைத்துக் குஞ்சுகளை வாரிக்கொள்கிறார்கள், வலைக்கண் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை, அணைக்கட்டுகள் மீன் ஏற வழி விடுவதில்லை என்பது அதில் அவர் வைத்த புகார்களின் சாரம். நூற்றைம்பது வருஷம் ஆகிறது. பறிக்குப் பதில் கொசுவலை என்று மாற்றிக்கொண்டால் நம் குழாய்ப் பாலத்துக்கு அப்படியே பொருந்தும்.

அந்த மாதிரிப் புகார்கள் எல்லாம் சேர்ந்து 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நிலையாக நட்டுவைக்கும் பொறிகளுக்கும் வலைக்கண்ணுக்கும் விதி போடவும், ஒரு நீர்நிலையில் குறித்த காலத்துக்கு மீன்பிடியையே நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. மூலச் சட்டத்தில் வெடிக்கும் விஷத்துக்கும் தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு ஒரு கிலோ விரால் அந்த விலைக்குக் கிடைக்காது. கரண்ட் என்ற பேச்சே அதில் இல்லை. 1897-இல் ஒருவன் பள்ளிக்கூடப் பையில் மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு கால்வாயில் இறங்குவான் என்று யார் கண்டார்கள்? ஆனால் சிலர் மேலே போகிற கம்பியிலேயே கொக்கி போடுகிறார்களே, அது மின்சாரத் திருட்டு. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்குள் மீன் மட்டும் நிற்கவில்லை, நீங்களும் நிற்கிறீர்கள். உங்கள் அம்மாக்களுக்காக இந்த ஒரு வரி.

"பெரிப்பா, ஏரியிலதான் வருசா வருசம் குஞ்சு வுட்றாங்களே, மீன் எப்படி அத்துப்பூடும்?" என்று அன்றைக்கு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஏரியில் விடுவது கட்லா, ரோகு, மிர்கால். வடநாட்டு ஆற்று மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும், நம் ஏரியில் எத்தனை வருஷம் கிடந்தாலும் பெருகாது. முன்பெல்லாம் ஆற்றில் குஞ்சைப் பிடித்துத்தான் குளங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். 1957 ஜூலை 10-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி இந்தக் கெண்டை வகைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் குஞ்சு லாரியில் வர ஆரம்பித்தது. அந்த மீன் குத்தகைக்காரருடையது. காசு கொடுத்து வாங்கி விட்டார், வலை போட்டு எடுப்பார், அடுத்த வருஷம் மறுபடி வாங்குவார். நாட்டுக் கெண்டையும் குரவையும் விராலும் அப்படி இல்லை. யாரும் காசு கொடுக்காமல், லாரி ஏறாமல், தானே போய்ப் பெற்றுத் தானே கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு வேண்டியது ஏறுவதற்கு ஒரு வழியும், கொஞ்ச நாள் தொந்தரவு இல்லாமையும்.

ஏரி மீனுக்கும் கால்வாய் மீனுக்கும் உள்ள உரிமை வித்தியாசத்தையும் உங்களிடம் சொல்லிவைக்க வேண்டும். ஏரியில் இருக்கும் வரை மீன் குத்தகைக்காரருக்கு. ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டால், தாண்டிய மீன் பிடித்தவனுக்கு. எங்கள் காலத்தில் அதுதான் எழுதாத வழக்கம். இதற்காகச் சண்டை நடந்திருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது. ஏரி மீனுக்குக் குத்தகை என்பது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. பாசிப்பாட்டம் என்ற பெயரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. மீனில் வந்த வருமானத்தைக் கொண்டு ஏரியில் மண் எடுத்ததையும் அவற்றில் பார்க்கலாம். இன்றைக்கு ஏலம் இருக்கிறது, மண் எடுப்பதுதான் எப்போதாவது. கால்வாய்க்கோ ஏலமும் இல்லை, கேட்பாரும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாததால்தான் நமக்கு இலவசமாக மீன் கொடுத்தது. அதே காரணத்தால்தான் இன்றைக்கு அதைத் தூர்வாரவும் ஆள் இல்லை.

பாலாற்றங்கரைக்காரர்கள் மீன் போனதற்கு ஒரு பெரிய எதிரியைக் காட்டலாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நமக்கு அப்படிக் கைநீட்ட ஆள் இல்லை. உத்திர காவிரி மலையில் பிறந்து, நம் ஊரைத் தொட்டு, பள்ளிகொண்டாப் பக்கம் பாலாற்றில் சேருகிற வரைக்கும் எனக்குத் தெரிந்து தோல் கழிவு என்று எதுவும் அதில் விழவில்லை. நம் கால்வாயில் மீன் குறைந்தால், குறைத்தது நாம்தான். வயலுக்குப் பூச்சிமருந்து அடித்து, மிச்சத்தைக் கால்வாயில் கழுவியது என் தலைமுறை. கரையோரம் ஒரு முழம் ஒரு முழமாக வெட்டிக் கொல்லையில் சேர்த்துக்கொண்டதும் என் தலைமுறைதான். பத்தடிக் கால்வாய் நான்கடியானதும் அதன் வழியே போகிற மீனைப் பிடிப்பது சுலபமாகிவிட்டது. உங்கள் கொசுவலை இன்றைக்கு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எட்டுகிறது என்றால், அதற்கு இடம் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது நினைவிருக்கும். அந்த மழையில் நம் ஆற்றிலும் வெள்ளம், ஏரிகள் வரிசையாகக் கோடி போயின. அந்த வருஷம் வயலில்கூட மீன் துள்ளியது. "பார், மீன் எங்கேயும் போகவில்லை" என்று நானே சொல்லித் திரிந்தேன். கூர்ந்து பார்த்தபோது பாதிக்கு மேல் ஜிலேபி. அது 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். குஞ்சை வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும், ஏறிப் போய் முட்டையிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கால்வாயை அடைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. மிச்சத்தில் நீள மீசையோடு கருத்த கெளுத்தி. நம் கெளுத்தி இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-ஆம் வருஷமே மத்திய அரசு தடை செய்தது. எங்கோ குட்டையில் திருட்டுத்தனமாக வளர்த்தது வெள்ளத்தில் வெளியே வந்துவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் தின்னும். அதைப் பிடிப்பதானால் ஒன்று விடாமல் பிடியுங்கள், நான் வாழ்த்துகிறேன். பிடித்ததை உயிரோடு வேறு கிணற்றில் மட்டும் விடாதீர்கள்.

மேல்அரசம்பட்டில் அணை வேண்டும் என்று நம் பக்கத்தில் எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் மனுவில் கையெழுத்துப் போட்டவன். வந்தால் நல்லதுதான். ஆனால் காவிரியில் நடந்ததையும் கொஞ்சம் பாருங்கள். கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்த உல்லம் மீன், கீழணையும் பிறகு 1934-இல் மேட்டூர் அணையும் குறுக்கே நின்றபின் மேலே வருவதே நின்றுபோனது. நம் ஆற்றில் உல்லம் இல்லை, கெண்டைதான். அணையோ தடுப்பணையோ எது கட்டினாலும் ஓர் ஓரத்தில் செங்குத்துச் சுவருக்குப் பதிலாகக் கற்களைப் படிப்படியாக அடுக்கிச் சரிவு விட்டால் அது ஏறிக்கொள்ளும். செலவு பெரிதாக ஆகாது. ஆனால் யாராவது கேட்க வேண்டும். கிராம சபையில் மீனுக்காக எழுந்து பேசுகிறவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு பேராக எழுந்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

மீன் பிடிப்பதையே விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. கால்வாயில் இறங்காத பிள்ளை எனக்குக் கவலை தருகிற பிள்ளை. முதல் செந்தண்ணீர் வந்த நாளிலிருந்து பதினைந்து நாள் மட்டும் குழாய்ப் பாலத்தை விட்டுவிடுங்கள். ஏறுகிறது ஏறட்டும். தண்ணீர் தெளிந்து வடிய ஆரம்பித்ததும் இறங்குமீனைப் பிடியுங்கள். பெற்று முடித்த மீன் கொஞ்சம் மெலிந்திருக்கும், ருசியில் ஒரு படி குறையும். ஒத்துக்கொள்கிறேன். சிவப்புக் குஞ்சுகள் ஒரு கூட்டமாகத் தண்ணீர் மேல் கொப்புளித்துக் கொப்புளித்து மூச்சு விடுகிற இடத்தைப் பார்த்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அடியில் விரால் காவல் நிற்கிறது. குஞ்சைச் சீண்டினால் பாய்ந்து வந்து கவ்வும், அதனால் பிடிப்பதும் சுலபம். அதைத் தூக்கிய நிமிஷத்திலிருந்து அந்தக் குஞ்சுகள் கெண்டைக்கும் கொக்குக்கும் சாப்பாடு. சின்ன வயதில் ஒருமுறை நானும் அப்படித் தூக்கியிருக்கிறேன். அப்பா அடிக்கவில்லை. மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றி, என்னையே திரும்பத் தண்ணீரில் விடச் சொன்னார். அது போகவில்லை. வாய் கிழிந்திருந்தது, கரையோரமாகவே கிடந்தது.

என் மாட்டுக்கொட்டகைக் கூரையில் அப்பாவின் பறி ஒன்று தொங்குகிறது. அடிப்பக்கம் கரையான் அரித்துவிட்டது, வாய் இன்னும் நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று பின்னலாம் என்று நாலு மூங்கில் வாங்கிப் போட்டிருக்கிறேன். காட்டில் வெட்டியது இல்லை, பட்டா நிலத்தில் விளைந்தது. காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து 2017-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் சீவ எனக்கு இப்போது கண் போதவில்லை. உங்களில் இரண்டு பேருக்குக் கை நன்றாக இருக்கும் என்று கழி கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கலைந்ததும் வாருங்கள். முதலில் குழாய்ப் பாலத்துக்குக் கீழே அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் முள்செடியையும் எடுத்துவிடுவோம், பிறகு பின்னலுக்கு உட்காரலாம். மண்வெட்டி இரண்டு என்னிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். பேட்டரியைக் கொண்டுவராதீர்கள். வண்டிக்கு மாட்டிவிடுங்கள், அதற்காவது ஆகும்.

அன்று கவர் வாங்கிப் போன,
உங்கள் பெரிப்பா